ஜூலியா சலாசார்: முதல் பதவிக்காலத்தில் செய்தது, மறுதேர்தலில் கேட்டது

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவில் ‘முற்போக்காளர்’, ‘சோஷலிஸ்ட்’ என்று சொல்லி மாநில சட்டமன்றங்களுக்குப் போகிறவர்கள் அங்கே உருப்படியாக எதையாவது செய்கிறார்களா? அடுத்த தேர்தல் வரும்போது எதைக் காட்டி ஓட்டு கேட்கிறார்கள்?

செய்கிறார்கள். ஆனால் சொன்னதைவிடக் குறைவாக, சொன்ன காலத்தைவிடத் தாமதமாக. இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் வாக்குறுதி கொடுத்த நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்ப்பதுதான் நல்லது. நியூயார்க் மாநில செனட்டர் ஜூலியா சலாசாரை எடுத்துக்கொள்கிறேன். 2018ல் முதன்முதலில் ஜெயித்தவர், 2020ல் மறுதேர்தலுக்கு வந்தவர். வாடகை வீடு, சிறை ஆகிய இரண்டு விஷயங்களில் அவருடைய வேலையைத் தொடக்கம் முதல் இன்றுவரை பின்தொடர முடிகிறது. நானும் அந்த நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்பவன். அதனால் முதல் விஷயம் எனக்கு வெறும் அரசியல் செய்தி அல்ல.

முதலில் கொஞ்சம் பின்னணி. நியூயார்க் மாநில சட்டமன்றத்தில் இரண்டு அவைகள்: 63 பேர் கொண்ட செனட், 150 பேர் கொண்ட அசெம்பிளி. இரண்டுக்குமே பதவிக்காலம் இரண்டே வருடம். ஜெயித்து உட்கார்ந்து அறை எங்கே இருக்கிறது என்று பழகுவதற்குள் அடுத்த தேர்தல் வேலை தொடங்கிவிடும். அங்கே கவர்னர் என்பவர் நம்மூர் ஆளுநர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தலைவர், கிட்டத்தட்ட முதலமைச்சர். வருடா வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் பட்ஜெட் முடிய வேண்டும். அந்த பட்ஜெட் பேரத்தில்தான் பல பெரிய சட்டங்கள் பிழைப்பதும் சாவதும். கவர்னர், இரண்டு அவைகளின் தலைவர்கள் என்று மூன்று பேர் மூடிய அறையில் பேசி முடிப்பார்கள். மீதி 200 சொச்சம் உறுப்பினர்கள் வெளியே காத்திருப்பார்கள். முதல்முறை ஜெயித்து வரும் ஓர் உறுப்பினரின் சக்தி எவ்வளவு என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்புறம், நகரத்து வாடகையை ஏன் மாநிலம் முடிவு செய்கிறது என்று கேட்கலாம். 1971ல் வந்த அர்ஸ்டாட் சட்டம், மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான வாடகைக் கட்டுப்பாட்டை நியூயார்க் நகரம் தானாகக் கொண்டுவரக் கூடாது என்று தடுத்துவிட்டது. எனவே புருக்ளினில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாடகைக்கு வடக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மாநிலத் தலைநகர் ஆல்பனியில்தான் முடிவு. நகரவாசிகள் மேயர் தேர்தலைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். தங்கள் மாநில செனட்டர் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. வாடகைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு கிடையாது.

சலாசாரின் 18வது தொகுதி வட புருக்ளினில் இருக்கிறது. அவர் முதலில் நின்றபோது அதில் இருந்தவை புஷ்விக், வில்லியம்ஸ்பர்க், கிரீன்பாயின்ட், அவற்றை ஒட்டிய பகுதிகள். போர்ட்டோ ரிக்கோ, டொமினிகன் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம். 2005ல் ஆற்றங்கரையை ஒட்டிய பகுதியின் நிலப் பயன்பாட்டு விதிகளை நகர நிர்வாகம் மாற்றியது. பழைய தொழிற்சாலைகள் நின்ற இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. அங்கிருந்து வாடகை உயர்வு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே பரவியது. அந்தத் தொகுதியை 2003 முதல் வைத்திருந்தவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மார்ட்டின் டிலான். கட்டுமானத் துறையின் பணம் அவருக்குத் தாராளமாக வந்தது. 2018 செப்டம்பரில், கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தலில், அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்ட்டுகள் அமைப்பின் ஆதரவோடு நின்ற 27 வயது சலாசார் அவரைத் தோற்கடித்தார். கிட்டத்தட்ட 59 சதவீத ஓட்டு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான இந்த மாதிரித் தொகுதிகளில் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். நவம்பரில் நடப்பது சம்பிரதாயம்.

அந்தப் பிரசாரத்தின்போது அவர் தன் குடும்பப் பின்னணி, படிப்பு, மதம் பற்றிச் சொன்ன சில விஷயங்கள் பொருந்தவில்லை என்று பத்திரிகைகள் வரிசையாக எழுதின. எல்லாமே பொய்ச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. சில கேள்விகள் நியாயமானவை. ஆனாலும் தொகுதி மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கு வாடகைதான் முதல் கவலை. கட்டுமான முதலாளிகளிடம் ஒரு டாலர்கூட வாங்க மாட்டேன் என்று சொன்ன ஆள் அவர்.

அந்த உட்கட்சித் தேர்தல் நாளில் இன்னொரு பெரிய விஷயமும் நடந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த எட்டுப் பேர் பல வருடங்களாகத் தனி அணி நடத்தி, குடியரசுக் கட்சியோடு கூட்டு வைத்து அவையை அவர்கள் கையில் வைத்திருக்க உதவியிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் அன்று தோற்றார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சி செனட்டை முழுதாகக் கைப்பற்றியது. ஆண்ட்ரியா ஸ்டூவர்ட்-கசின்ஸ் பெரும்பான்மைத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். இதைச் சொல்லாமல் சலாசாரின் சாதனை என்று எதையும் சொன்னால் அது நேர்மையாகாது. தனி ஆள் எதையும் செய்வதில்லை. கதவு திறந்த நேரத்தில் உள்ளே இருந்தவர், கையில் என்ன வைத்திருந்தார் என்பதைத்தான் பார்க்க முடியும்.

அவர் கையில் இருந்தது வாடகை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் 2019 ஜூன் 15ஆம் தேதி காலாவதியாக இருந்தன. மாநிலம் முழுவதிலுமிருந்து வாடகைக்காரர் சங்கங்கள் ஒன்று சேர்ந்து ஒன்பது மசோதாக்களை முன்வைத்தன. பேருந்து பேருந்தாக ஆல்பனிக்குப் போனார்கள், சட்டமன்ற நடைபாதைகளில் உட்கார்ந்து கைதானார்கள். ஜூன் 14ஆம் தேதி, வீட்டு நிலைத்தன்மை மற்றும் வாடகைக்காரர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை நிதானமாகவே சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் ஏறக்குறைய 10 லட்சம் வீடுகள் வாடகை நிலைப்படுத்தலின் கீழ் இருக்கின்றன. அதாவது, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஒரு வாரியம் முடிவு செய்யும். ஆனால் பழைய சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. குடியிருப்பவர் காலி செய்தால் அடுத்தவருக்கு 20 சதவீதம் வரை ஏற்றலாம். இப்படி ஏற்றி ஏற்றி வாடகை ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால், அந்த வீடு கட்டுப்பாட்டிலிருந்தே வெளியேறிவிடும். இந்த வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைவிட்டுப் போயின. இதில் இருக்கும் கொடுமையைக் கவனியுங்கள். பழைய குடித்தனக்காரரைத் துரத்தினால் வீட்டுக்காரருக்கு லாபம் என்று சட்டமே சொல்லிக் கொடுத்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடாமல் போவதும், பக்கத்து வீட்டை இடித்துப் புழுதி கிளப்புவதும், ‘பணம் தருகிறேன், போய்விடு’ என்று கதவைத் தட்டுவதும் தற்செயலாக நடந்தவை அல்ல. 2019 சட்டம் அந்த 20 சதவீதத்தையும் எடுத்தது, வெளியேறும் வழியையும் அடைத்தது. கட்டடத்தைப் புதுப்பித்த செலவை வாடகையில் ஏற்றுவதற்கு வருட வரம்பை நகரத்தில் 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. முக்கியமாக, இனி இந்தச் சட்டங்களுக்குக் காலாவதித் தேதியே கிடையாது என்றது.

மாநிலம் முழுவதற்கும் பொருந்தும் விதிகளும் வந்தன. முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. தாமதக் கட்டணம் 50 டாலர் அல்லது வாடகையில் 5 சதவீதம், எது குறைவோ அது. வாடகையை 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதாக இருந்தாலோ புதுப்பிக்கப் போவதில்லை என்றாலோ, எத்தனை காலம் குடியிருந்தார் என்பதைப் பொறுத்து 30, 60, 90 நாள் முன்னறிவிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயங்கள். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கும் ஒருவருக்கு, வீடு மாறும் நேரத்தில் இவைதான் பெரிய விஷயங்கள்.

ஆனால் ஒன்பது மசோதாக்களில் ஒன்று உள்ளே வரவில்லை. அது சலாசார் தன் பெயரில் கொண்டுவந்தது. ‘நியாயமான காரணம்’ இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது அதன் சாரம். வாடகை நிலைப்படுத்தல் இல்லாத வீடுகளில் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லலாம். ஒழுகும் கூரையைப் பற்றிப் புகார் கொடுத்தவரை அடுத்த மாதம் வெளியே அனுப்பலாம். அதைத் தடுப்பதுதான் மசோதா. அதோடு, வாடகையை ஒரே அடியாக ஏற்றி விரட்டுவதையும் தடுக்க ஒரு வரம்பு வைத்தது: 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வின் ஒன்றரை மடங்கு, எது அதிகமோ அது. அதைத் தாண்டினால் வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் காரணம் காட்ட வேண்டும். கட்டுமானத் துறை முழு பலத்தோடு எதிர்த்தது. புறநகர்களையும் சிறு நகரங்களையும் சேர்ந்த ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் தயங்கினார்கள். மசோதா ஓட்டெடுப்புக்கே வரவில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதில் இருக்கிறது. 2020ல் மறுதேர்தலுக்கு வந்தபோது சலாசார் கையில் ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் இருந்தன. வெற்றி எல்லோருடையது, தோல்வி தன்னுடையது. வழக்கமான அரசியல்வாதி வெற்றியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு தோல்வியைப் பேசாமல் விட்டுவிடுவார். இவர் அந்தத் தோற்ற மசோதாவையே முன்னால் வைத்தார்: ‘இது பாக்கி இருக்கிறது, இதற்காகத்தான் மறுபடி போகிறேன்.’ என் கணிப்பில், முற்போக்கு என்ற வார்த்தைக்கு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று பார்க்க நல்ல இடம் இதுதான். முடியாமல் போனதை அடுத்த தேர்தலில் கைவிடுகிறாரா, கொண்டுவருகிறாரா?

2020 வேறு மாதிரி வருடமாகவும் ஆகிவிட்டது. மார்ச்சில் கொரோனா. அவருடைய தொகுதியில் உணவகத் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்பவர்கள், ஆவணம் இல்லாமல் வேலை செய்யும் புலம்பெயர்ந்தோர் அதிகம். ஒரே வாரத்தில் வருமானம் நின்றது. நீதிமன்றங்கள் மூடியதாலும் அரசு ஆணைகளாலும் வெளியேற்றங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆனால் வாடகை மாதா மாதம் கடனாகச் சேர்ந்துகொண்டே போனது. அந்தக் கடனையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது; சலாசார் அதோடு நின்றார். அது நிறைவேறவில்லை. வருடக் கடைசியில் வெளியேற்றத் தடைச் சட்டம் வந்தது, நீட்டிக்கப்பட்டு 2022 ஜனவரி வரை நின்றது. 2020 ஜூன் 23ஆம் தேதி உட்கட்சித் தேர்தலில் சலாசார் எளிதாக ஜெயித்தார். அதைவிட முக்கியம், அதே நாளில் அவருடைய சோஷலிஸ்ட் அணியைச் சேர்ந்த மேலும் சிலரும் ஜெயித்தார்கள். ஜபாரி பிரிஸ்போர்ட் செனட்டுக்கு. மார்செலா மிட்டைனஸ், ஃபாரா சூஃப்ரன்ட் ஃபாரஸ்ட், பின்னாளில் நியூயார்க் மேயரான ஜோரான் மம்தானி ஆகியோர் அசெம்பிளிக்கு. தனியாக இருந்தவர் இப்போது ஒரு குழுவில் ஒருவர்.

அந்தக் குழு வந்த பிறகு நடந்த 2021 பட்ஜெட்டில் பணக்காரர்கள் மீது வரி ஏறியது. வருடத்துக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மாநில வருமான வரி 10.9 சதவீதமானது. எந்த உதவித்தொகையும் கிடைக்காமல் விடுபட்ட தொழிலாளர்களுக்கு, ஆவணம் இல்லாதவர்களையும் சேர்த்து, 210 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ பல வருடங்களாக இந்த வரியை எதிர்த்து வந்தவர். அந்த வசந்த காலத்தில் அவர் மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்தன, கை தளர்ந்திருந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு பலமும் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. தெருவில் நின்று கேட்டவர்கள் இல்லாவிட்டால் அந்த நேரத்தை யாரும் பயன்படுத்தியிருக்கவும் மாட்டார்கள்.

இப்போது சிறை. இதில் சலாசாரின் பங்கு இன்னும் தெளிவானது. 2021ல் அவர் செனட்டின் சிறைத்துறைக் குழுவுக்குத் தலைவரானார், தனிமைச் சிறையைக் கட்டுப்படுத்தும் மசோதாவின் பொறுப்பும் அவருக்கு வந்தது. அசெம்பிளியில் அதைப் பல வருடங்களாகச் சுமந்தவர் ஜெஃப்ரியன் ஆப்ரி.

தனிமைச் சிறை என்றால் என்ன என்பதற்கு நியூயார்க்கில் எல்லோரும் சொல்லும் பெயர் கலீஃப் பிரௌடர். 2010ல் 16 வயதில் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகக் கைதான பையன். விசாரணையே நடக்காமல் மூன்று வருடம் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்தான். அதில் சுமார் இரண்டு வருடம் தனிமையில். வழக்கு தள்ளுபடியாகி வெளியே வந்தான். 2015ல் தற்கொலை செய்துகொண்டான். 15 நாளுக்கு மேல் நீளும் தனிமைச் சிறையை, கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகள் அதே வருடம் தடை செய்தன. 2019லேயே இந்த மசோதாவுக்கு இரு அவைகளிலும் போதிய ஆதரவு இருந்தது. செலவு அதிகம் என்று கவர்னர் அலுவலகம் சொன்னதும், சட்டத்துக்குப் பதிலாக நிர்வாக விதிகள் போதும் என்று தலைவர்கள் ஒத்துக்கொண்டு ஓட்டெடுப்பை விட்டுவிட்டார்கள். 2021 மார்ச்சில்தான் அது நிறைவேறிக் கையெழுத்தானது. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் கூடாது, எந்த 60 நாளிலும் மொத்தம் 20 நாளைத் தாண்டக் கூடாது, 21 வயது வரை உள்ளவர்கள், 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைத் தனிமையில் வைக்கவே கூடாது. அதற்கும் மேல் பிரித்து வைக்க வேண்டியவர்களைத் தினமும் ஏழு மணி நேரமாவது அறைக்கு வெளியே விட்டு, வகுப்பும் சிகிச்சையும் தர வேண்டும். ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்ததோடு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. காவலர் சங்கம் முதல் நாளிலிருந்து எதிர்த்தது. தண்டிக்கும் வழி போய்விட்டதால் சிறைக்குள் தாக்குதல் கூடிவிட்டது என்பது அவர்கள் வாதம். சட்டப்படி நடக்கவில்லை என்று கைதிகள் தரப்பில் வழக்குகள் போட்டார்கள், நீதிமன்றம் சிறைத்துறையைக் கண்டித்தது. இரண்டு தரப்பும் பேசும் ஒரு உண்மை இருக்கிறது: சிறைகளில் ஆள் பற்றாக்குறை கடுமை. ஒரே ஆள் 24 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தால் யாரை எப்படி ஏழு மணி நேரம் வெளியே விடுவது? காவலர்களின் அந்தக் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து தனிமைச் சிறை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சட்டத்தை எழுதும்போதே ஆள், பயிற்சி, பணம் மூன்றையும் அதில் கட்டிப் போட்டிருக்க வேண்டும். அது சலாசார் உட்பட அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த எல்லோர் மீதும் வைக்க வேண்டிய நியாயமான குறை.

2024 டிசம்பரில் மார்சி சிறையில் ராபர்ட் புரூக்ஸ் என்ற கைதியைக் காவலர்கள் அடித்துக் கொன்றார்கள். கைகள் விலங்கிடப்பட்டிருந்தன. உடலில் மாட்டியிருந்த கேமராக்கள், அவர்கள் இயக்காமலேயே, சத்தமில்லாமல் அதைப் பதிவு செய்திருந்தன. கொலைக் குற்றச்சாட்டுகள் பதிவாகின. 2025 பிப்ரவரி 17ஆம் தேதி காவலர்கள் சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தனிமைச் சிறைச் சட்டத்தை நீக்கு என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 22 நாள் நடந்தது. தேசியக் காவல் படை சிறைகளுக்குள் இறங்கியது. வேலைக்குத் திரும்பாத 2,000க்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். சட்டத்தின் சில பகுதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. இவ்வளவு அழுத்தத்தில் பல அரசியல்வாதிகள் மெல்ல ஒதுங்கியிருப்பார்கள். சலாசார் குழுத் தலைவராக இருந்தபடி அடுத்த மசோதாவைக் கொண்டுவந்தார்: சிறை முழுவதும் கேமரா, மரணம் நடந்தால் காணொளிப் பதிவை மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் ஒப்படைத்தல், சிறைக் கண்காணிப்பு ஆணையத்தை விரிவாக்குதல். அந்த ஜூனில் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. கைதிகளுக்காகப் பேசுவதால் ஓட்டு எதுவும் கூடுவதில்லை. மாநிலச் சிறைகள் பெரும்பாலும் வேறு தொகுதிகளில் இருக்கின்றன, கைதிகளுக்கு ஓட்டும் கிடையாது. அதனால்தான் அவருடைய வேலையில் இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

வாடகைக்கு வருவோம். ‘நியாயமான காரணம்’ மசோதா 2019ல் தோற்றது, 2020ல், 2021ல், 2022ல், 2023ல் நகரவில்லை. 2021ல் ஆல்பனி நகரம் தானே ஒரு உள்ளூர்ச் சட்டம் போட்டது. மாநிலச் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கடைசியில் 2024 ஏப்ரலில் பட்ஜெட்டோடு சேர்ந்து சட்டமானது. ஆனால் சலாசார் எழுதிய வடிவத்தில் இல்லை. வரம்பு, விலைவாசி உயர்வோடு 5 சதவீதம் அல்லது மொத்தம் 10 சதவீதம், எது குறைவோ அது. நியூயார்க் நகரத்துக்குத் தானாகப் பொருந்தும். மற்ற ஊர்கள் விரும்பினால் சேரலாம். ஆல்பனி, இத்தகா, கிங்ஸ்டன், பொகீப்சி போன்றவை சேர்ந்தன. மாநிலம் முழுக்கச் சேர்த்துப் 10 வீடுகளுக்கு மேல் இல்லாத வீட்டுக்காரருக்கு விலக்கு. 2009க்குப் பிறகு கட்டிய கட்டடங்களுக்கு 30 வருடம் விலக்கு. வாடகை மிக அதிகமான வீடுகளுக்கு விலக்கு. 2034ல் சட்டமே காலாவதி.

இதை எப்படி எடைபோடுவது? வாடகைக்காரர் சங்கங்கள் ஏமாற்றம் என்றன, சலாசாரும் இது போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கும் அந்த 10 சதவீதம் உறுத்துகிறது. 2,500 டாலர் வாடகை ஒரே வருடத்தில் 2,750 ஆனால் எத்தனை குடும்பம் தாங்கும்? சிறு வீட்டுக்காரர் விலக்கும் பெரிய ஓட்டை. நகரத்தில் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனி நிறுவனப் பெயரில் வைத்திருப்பவர்கள் உண்டு. உண்மையான சொந்தக்காரர் யார், மொத்தம் எத்தனை வீடு என்பதைக் கண்டுபிடிப்பது குடியிருப்பவருக்குச் சுலபம் இல்லை. ஆனாலும் புகார் கொடுத்ததற்காகக் காரணம் சொல்லாமல் வெளியேற்றும் உரிமை, சட்டத்துக்குள் வரும் வீடுகளில் போய்விட்டது. ஐந்து வருடம் முன்னால் அது யோசிக்கவே முடியாத விஷயமாக இருந்தது.

2019 சட்டத்தின் மீதும் ஒரு விமர்சனத்தைச் சொல்லியாக வேண்டும். பல்லாண்டு ஒருவரே குடியிருந்து காலியான பழைய வீடுகளைச் சரிசெய்ய ஆகும் செலவை வாடகையில் திரும்ப எடுக்க முடிவதில்லை, அதனால் பூட்டியே வைத்திருக்கிறோம் என்றார்கள் வீட்டுக்காரர்கள். வேண்டுமென்றே பூட்டிவைத்து அரசை மிரட்டுகிறார்கள் என்றது எதிர்த்தரப்பு. இரண்டும் வெவ்வேறு கட்டடங்களில் உண்மையாக இருக்கலாம். அந்த வீடுகளில் செய்யும் வேலைக்கு 2019ல் 15,000 டாலர் என்று வைத்த வரம்பு, 2024 பட்ஜெட்டில் 30,000 ஆகவும், சில நீண்டகாலக் குடியிருப்புகளுக்கு 50,000 ஆகவும் உயர்ந்தது. சட்டத்தையே ரத்து செய்யக் கோரி வீட்டுக்காரர்கள் போட்ட வழக்குகளை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நடக்காதவையும் இருக்கின்றன. மாநிலம் முழுவதற்கும் ஒரே அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற நியூயார்க் ஹெல்த் மசோதா ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் குழுவின் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது, செனட்டில் ஓட்டெடுப்பைப் பார்த்ததில்லை. பாலியல் தொழிலைக் குற்றமாக்கும் சட்டங்களை நீக்கச் சலாசார் 2019ல் கொண்டுவந்த மசோதாவும் அப்படியே நின்றது. மாறாக, மாநில மின்வாரியம் தானே காற்றாலை, சூரிய மின்நிலையங்கள் கட்டலாம் என்ற சட்டம் 2023ல் வந்துவிட்டது. பல வருடம் வீடு வீடாகப் போய்ப் பேசியதன் பலன்.

எத்தனை மசோதா நிறைவேற்றினார் என்று எண்ணிப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேயர் தேர்தலில் மம்தானி மீதும் அதே அம்புதான் எய்யப்பட்டது. ஒரு பாலத்துக்குப் பெயர் வைப்பதும் ஒரு மசோதா, தனிமைச் சிறைக்கு 15 நாள் வரம்பு வைப்பதும் ஒரு மசோதா. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று. எனக்கு மூன்று கேள்விகள் போதும். போன முறை தோற்றதை இந்த முறை என்ன செய்யப் போகிறார்? சட்டமான பிறகு அதை அமல்படுத்தும் துறையோடு மல்லுக்கட்டினாரா? தேர்தல் செலவுக்கு யாரிடம் வாங்குகிறார்? சலாசார் விஷயத்தில் மூன்றுக்கும் பொது ஆவணங்களில் பதில் கிடைக்கிறது. ஓட்டெடுப்பு விவரங்களும் மசோதா வரைவுகளும் செனட்டின் இணையதளத்தில் இருக்கின்றன, நன்கொடைக் கணக்கு மாநிலத் தேர்தல் வாரியத்தில் இருக்கிறது.

நியூயார்க் நகரில் வாடகைக்கு இருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம். 2024 ஆகஸ்ட் முதல், வாடகை ஒப்பந்தத்தோடும் புதுப்பிக்கும் கடிதத்தோடும் ஒரு அறிவிப்பை வீட்டுக்காரர் இணைக்க வேண்டும். உங்கள் வீடு ‘நியாயமான காரணம்’ சட்டத்துக்குள் வருகிறதா, வரவில்லை என்றால் எந்த விலக்கின்படி என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள். விலக்கு என்று எழுதியிருந்தால் அது சரிதானா என்று உங்கள் பகுதி வாடகைக்காரர் சங்கத்திடமோ உங்கள் மாநில செனட்டரின் தொகுதி அலுவலகத்திடமோ காட்டுங்கள். தொகுதிக்காரர்களின் இந்த மாதிரி வேலையைப் பார்ப்பதற்கும்தான் அந்த அலுவலகம் இருக்கிறது.